ருசி பார்ப்பவள்

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்பு போதுமா, புளி தூக்கலா, காரம் குழந்தைக்கு ஆகுமா என்பதையெல்லாம் அந்த ஒரு நொடியில் முடிவு செய்துவிடுவாள். இதைத்தான் ‘ருசி பார்ப்பது’ என்கிறோம். ஒரு வீட்டின் மிகக் கூர்மையான நாக்கு பெரும்பாலும் அவளுடையதுதான். ஆனால் அந்த நாக்கு மற்றவர்களுக்காக வேலை செய்கிறது. கணவருக்கு உப்பு கம்மியாக வேண்டும், மாமியாருக்குக் காரம் ஆகாது, மகனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளைக் கேட்டால் மட்டும், “எனக்கென்ன, எதுவானாலும் சரிதான்” என்பாள்.

தனக்காக ருசி பார்ப்பது என்றால் என்ன? அது ஒரு பெண்ணுக்குத் தேவையற்ற சொகுசா? அந்த ருசிக்குப் பின்னால் வேறு பெண்களின் உழைப்பு இருக்குமானால், அதை அனுபவிப்பது சரியா? இந்தக் கேள்விகளை நான் யோசிக்கத் தொடங்கியது தேநீரிலிருந்து, குறிப்பாக கிரீன் டீ, ஊலாங் என்ற இரண்டு வகைகளிலிருந்து.

கிரீன் டீ நம் ஊருக்கு ஒரு சுவையாக வந்து சேரவில்லை, இடுப்பைக் குறைக்கும் மருந்தாகத்தான் வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பியவளிடம், “கிரீன் டீ குடிச்சுப் பாரேன், உடம்பு குறையும்” என்று யாராவது சொல்வார்கள். அவளும் டீ பையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, எடுக்க மறந்து, கசந்துபோன பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கசப்பதால் அது நல்லது செய்யும் என்ற நம்பிக்கையும் கூடவே சேர்ந்துகொள்ளும். இந்த முறை அவள் நாக்கு, அவள் உடம்பை அளந்து பார்க்கும் கண்களுக்காக வேலை செய்கிறது.

அந்தக் கசப்பு இலையின் குற்றமில்லை. கிரீன் டீக்குக் கொதிக்கும் தண்ணீர் ஆகாது. 70, 80 டிகிரிக்கு ஆறிய தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறினால் போதும். சூடு கூடக்கூட, கசப்பையும் துவர்ப்பையும் தரும் கேட்டசின்கள் அதிகமாக இறங்கிவிடும். சூடு குறைந்தால், தியானின் என்ற பொருள் தரும் மென்மையான இனிப்பு முன்னால் வரும். ஜப்பானில் கியோகுரோ என்ற தேயிலையைப் பறிப்பதற்குச் சுமார் 3 வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் பட்டால் தியானின் கேட்டசினாக மாறும் என்பதுதான் காரணம். அந்த இலையை 50, 60 டிகிரித் தண்ணீரில் ஊறவைத்துச் சில மிடறுகள் மட்டும் குடிப்பார்கள். அது தேநீர் என்பதைவிட ஏதோ ஒரு சாறு என்றுதான் முதலில் தோன்றும்.

ஊலாங் வேறு விதம். வெட்டி வைத்த வாழைக்காய் காற்றுபட்டுக் கறுப்பதைப் போலத் தேயிலையும் பறித்தபின் நிறம் மாறும். பறித்தவுடன் இலையைச் சூடாக்கி அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டால் கிரீன் டீ. சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்து நிறுத்துகிறார்கள், ஜப்பானில் ஆவியில் வேகவைத்து. முழுவதும் மாறவிட்டால் நாம் அன்றாடம் பால் ஊற்றிக் குடிக்கும் டீ. ஊலாங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இலையை வாடவிட்டு, குலுக்கி, அதன் ஓரங்களை மட்டும் நசுங்கச் செய்து, ஆறவிட்டு, மறுபடியும் குலுக்கி, எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதை மூக்கால் முடிவு செய்கிறார்கள். பூ, வெண்ணெய், பழுத்த பழம், சுட்ட கல் என்று நிறுத்தும் இடத்தைப் பொறுத்து மணம் மாறும். சிறிய பானையில் நிறைய இலை போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, சில நொடிகளிலேயே வடித்துவிடுவார்கள். அதே இலையில் ஆறேழு முறை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சுவை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

18ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் யுவான் மேய்க்கு, ஃபூஜியான் மாநிலத்து வூயி மலைத் தேயிலை முதலில் பிடிக்கவில்லை. மருந்து குடிப்பதுபோலக் கசந்தது. 1786இல் அந்த மலைக்கே போனபோது அங்கிருந்த துறவிகள் அக்ரூட் கொட்டை அளவுக் கிண்ணங்களில் அதைக் கொடுத்தார்கள். முதலில் முகர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, நிதானமாகக் குடித்த பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக எழுதுகிறார். அவர் மாற்றியது தேயிலையை அல்ல, குடிக்கும் வேகத்தை.

நல்ல ஊலாங்கை விழுங்கியபின் தொண்டையில் ஒரு இனிப்பு மேலெழும். ‘திரும்பி வரும் இனிப்பு’ என்ற பொருளில் சீனர்கள் அதை ஹுய்கான் என்கிறார்கள். நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்த எவருக்கும் இது புதிதில்லை. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. இந்தத் தேநீரை ருசிக்கத் தேவையான நாக்கும் சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. இல்லாதது, யாரும் கூப்பிடாத அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தைக் கேட்கவே பெண்கள் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மேற்கத்தியத் தத்துவம் பார்வையையும் கேள்வியையும் உயர்ந்த புலன்களாகவும், நாக்கைத் தாழ்ந்த புலனாகவும் வைத்தது. 1790இல் காண்ட், அழகைப் பற்றிய தீர்ப்பு வேறு, நாக்குக்கு இதமாக இருப்பது வேறு என்று கோடு கிழித்தார். இந்த வரிசையில் ஆண்-பெண் பாகுபாடும் ஒளிந்திருப்பதைப் பெண்ணியத் தத்துவவாதி கரோலின் கோர்ஸ்மேயர் 1999இல் வெளியான தன் நூலில் எடுத்துக்காட்டினார். அறிவோடு சேர்க்கப்பட்டவை ஆணுக்கும், உடலோடும் சமையலறையோடும் சேர்க்கப்பட்டவை பெண்ணுக்கும் போயின.

தேநீரிலும் இதே பங்கீடுதான் நடந்தது. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் ஆண்களின் கலையாக இருந்தது. மெய்ஜி காலத்தில் பெண்கள் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் நுழைந்தபோது, அது நல்ல மனைவியாவதற்கான ஒழுக்கப் பயிற்சியாக மாறியது. இன்று அதைக் கற்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெரிய தேநீர்க் குலங்களின் தலைமை மட்டும் இன்னும் தந்தையிடமிருந்து மகனுக்கே போகிறது. அலுவலகங்களில் எந்தக் கலைப்பெயரும் இல்லாமல், ஆண் ஊழியர்களுக்குக் கிரீன் டீ ஊற்றிக் கொடுப்பது பெண் ஊழியர்களின் எழுதப்படாத வேலையாக இருந்தது. 1963இல் கியோட்டோ நகர அலுவலகம் ஒன்றில் பெண் எழுத்தர்கள் இதை எதிர்த்தார்கள். அரசியல் ஆய்வாளர் சூசன் ஃபார் இந்த எதிர்ப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒரு கோப்பைத் தேநீருக்காகவா சண்டை என்று இன்றும் கேட்கலாம். ஒரே தேநீர் ஆண் கையில் கலையாகவும் பெண் கையில் கடமையாகவும் ஆவதைத்தான் அவர்கள் கேள்வி கேட்டார்கள்.

ஆகவே, ஒரு பெண் தனக்காக ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு உட்காருவதை நான் வெறும் சொகுசாகப் பார்க்கவில்லை. கேள்வி இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும்.

சீனாவின் தாய் ஏரிக்கரை மலைகளில் விளையும் பிலுவோச்சுன் என்ற கிரீன் டீயைப் பற்றி ஒரு கதை உண்டு. தேயிலை பறித்தவர்களின் கூடைகள் நிறைந்துவிட, மிச்ச இலைகளை ஆடைக்குள் மார்போடு வைத்துக்கொண்டார்கள். உடல் சூட்டில் இலையிலிருந்து எழுந்த மணத்தைக் கண்டு, “ஆளைக் கொல்லும் மணம்!” என்று வியந்தார்கள். அதுவே அந்தத் தேயிலையின் பெயராயிற்று. பின்னர் அங்கே வந்த காங்சி பேரரசருக்கு அந்தப் பெயர் நாகரிகமாகப் படவில்லை. ‘பச்சை நத்தை வசந்தம்’ என்று பொருள்படும் இன்றைய பெயரை அவர் வைத்தார். இந்தக் கதையை இன்று பறிக்கும் பெண்களின் கதையாகவே சொல்கிறார்கள்.

வரலாறோ கற்பனையோ, இந்தக் கதை எனக்கு முக்கியம். இந்தத் தேநீரை முதலில் ருசி பார்த்தவர்கள் பறித்தவர்கள். அதன் மணத்துக்கு முதல் சொல்லைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. அந்தச் சொல் கொச்சை என்று நீக்கப்பட்டது. அவர்களின் உடல் சூடு மட்டும் விற்பனைக்கு உதவும் கிளுகிளுப்பான கதையாக மிஞ்சியது. அரைக் கிலோ உயர்தரப் பிலுவோச்சுனுக்கு 60,000க்கும் மேற்பட்ட மொட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் கிள்ள வேண்டும். உறையின் மேல் மலையின் பெயர் இருக்கும், பருவத்தின் பெயர் இருக்கும், சில சமயம் இலையை வறுத்த ஆசானின் பெயரும் இருக்கும். கிள்ளியவளின் பெயரை நான் பார்த்ததில்லை.

தேயிலைகளுக்குப் பெண் பெயர் வைப்பதில் மட்டும் குறையில்லை. ஃபூஜியானின் புகழ்பெற்ற ஊலாங் தியேகுவான்யின். இரும்புக் கருணைத் தேவி என்று பொருள். தைவானில் ‘கிழக்கத்திய அழகி’ என்றே ஓர் ஊலாங் உண்டு. கோடையில் தத்துப்பூச்சிகள் இளந்தளிரைக் கடிக்கும். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே அந்தத் தேநீரின் தேன்மணத்துக்கு ஆதாரம். காயப்பட்டதால் மணக்கிறது, நசுங்கியதால் இனிக்கிறது என்று இதை வாழ்க்கைப் பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த உவமையில் உடன்பாடில்லை. அடிபட்டால்தான் பெண் மிளிர்வாள் என்பதை நாம் வேறு பல வடிவங்களில் கேட்டுச் சலித்துவிட்டோம். செடி கடிபட்டதற்கு மணத்தால் பதில் சொல்லட்டும். கோடை வெயிலில் நின்று அந்தத் தளிரைப் பறிப்பவளுக்கு வேண்டியது நிழலும் கூலியும்.

இவ்வளவும் தெரிந்தபின் கோப்பையை எடுக்கும்போது கை தயங்குகிறது. நீலகிரியிலும் இன்று கிரீன் டீயும் ஊலாங்கும் தயாராகின்றன. அங்கே கொழுந்து கிள்ளும் பெண்களில் பலர் நம் மொழி பேசுபவர்கள். மூணாறின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்களே பெருமளவில் உழைக்கிறார்கள். 2015 செப்டம்பரில் அவர்கள் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் நாள்கூலி 230 ரூபாய் சொச்சம். 500 கேட்டார்கள். 20 விழுக்காடு போனஸை வென்றார்கள். கூலி 301 ஆனது. நல்ல ஊலாங் 100 கிராமின் விலை பல நேரங்களில் அந்த நாள்கூலியைவிட அதிகம். தோட்டத்துப் பெண்களின் வீட்டில் கொதிப்பதோ பெரும்பாலும் தூள் டீ.

அப்படியானால் இந்த ருசியை விட்டுவிட வேண்டுமா? என் மனதில் முதலில் வந்த பதில் இதுதான். ‘விட்டுவிடு’ என்ற குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். கடைசித் துண்டு மீனைத் தட்டில் வைத்துக்கொள்ளாதே, நீ பிறகு சாப்பிடு, உனக்கென்ன அவசரம் என்று சொன்ன அதே குரல். துறப்பது பெண்ணுக்குச் சிறுவயதிலேயே பழக்கப்படுத்தப்பட்டது, அதனால்தான் குற்றவுணர்வு அவ்வளவு சுலபமாக வருகிறது. விலையுயர்ந்த மதுவை ருசிபார்த்துப் பேசும் ஆணை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. தவிர, நான் குடிக்காமல் விடுவதால் பறிப்பவளின் கோப்பை நிறையப்போவதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அவளை நினைத்தபடியே குடிப்பதாலும் அவள் கோப்பை நிறையாது. பறிக்கும் பெண்ணின் சிரித்த படத்தைப் பொட்டலத்தில் அச்சடித்து விலையைக் கூட்டத் தெரிந்த சந்தை இது. நம் மனச்சாட்சியையும் ஒரு சுவையாக விற்றுவிடும். துறவும் உருக்கமும் எனக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன, அவளுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இது. நான் ருசிப்பது அநீதி இல்லை. பறித்தவளுக்கு அதே இலையை, அதே நிதானத்தோடு ருசிக்க வழியில்லாமல் இருப்பதே அநீதி. மூணாறுப் பெண்கள் கேட்டது கூலியும் போனஸும். அதற்குள் நேரமும் அடங்கியிருக்கிறது. கூலி என்பது அரிசி பருப்பு மட்டுமில்லை. வேலை முடிந்தபின் தனக்கென்று உட்காரக் கிடைக்கும் அரை மணி நேரமும்தான். எனக்கு எது உரிமை என்று நினைக்கிறேனோ, அதை அவளுக்கும் உரிமை என்று சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு கோப்பையைக் கீழே வைப்பதைவிட இது கடினம். கூலிப் போராட்டம் வரும்போது பக்கம் எடுக்க வேண்டியிருக்கும், மலிவாகக் கிடைப்பதில் மகிழ முடியாமல் போகும்.

அடுத்த முறை ஊலாங் வாங்கும்போது இது எந்த மலை, எந்தப் பருவம் என்பதோடு, யார் பறித்தார்கள், என்ன கூலி என்றும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. மலையின் உயரத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு ஏன் இது தெரியவில்லை என்று அவரும் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். பிறகு வீட்டுக்கு வந்து, தண்ணீர் சூடாக்கி, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். யாராவது கூப்பிட்டால், “டீ குடிக்கிறேன்” என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.