பழைய ஓலை

உரத்த குரலால் உலகை ஆண்ட ஒருவர் முதுமையில் அக்குரலைத் தாழ்த்திக்கொண்டால், அதனை அறம் என்பதா, இயலாமை என்பதா, அல்லது வணிகர் கண்ட புதிய உத்தி என்பதா? இவ்வினா இசைக்கு மட்டும் உரியதன்று. ஓய்வு பெற்ற அதிகாரியின் அடக்கத்தையும், பொருள் சேர்த்து முடித்தவரின் திடீர்த் துறவையும் காணும்போது நம் உள்ளத்தில் எழும் ஐயமும் இதுவே.

இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் பிளாண்ட் 1948இல் பிறந்தவர். 1968இல் தோன்றிய லெட் செப்பலின் என்னும் ராக் இசைக்குழுவின் பாடகர். மின்கிதாரும் டிரம்ஸும் அரங்கை அதிரச் செய்ய, அவற்றையும் மீறி எழுந்த கூக்குரல் அவருடையது. டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹாம் 1980இல் இறந்ததும் குழு கலைந்தது. 2007 டிசம்பரில் இலண்டனில் ஓர் இரவு மட்டும், எஞ்சிய மூவரும் இறந்தவரின் மகனோடு மேடையேறினர். அம்மேடையையே உலகெங்கும் கொண்டு சென்றிருந்தால் பெரும்பொருள் குவிந்திருக்கும். பிளாண்ட் இசையவில்லை. அதே ஆண்டில் அலிசன் கிராஸ் என்னும் அமெரிக்கப் பாடகியோடு தாழ்ந்த குரலில் பாடி வெளியிட்ட ‘ரெய்சிங் சாண்ட்’ என்ற தொகுப்பின் பாடல்களோடு ஊர் ஊராகச் சென்றார். அத்தொகுப்பு 2009இல் கிராமி விருது பெற்றது. அதன் பின்னும் அவர் இறங்கிய படிகள் உண்டு. 2025 செப்டம்பரில், தம் 77ஆம் வயதில், செல்லோவும் பாஞ்சோவும் கிதாரும் மெல்ல ஒலிக்க, நாட்டுப்பாடல்களும் பழைய பக்திப்பாடல்களும் கொண்ட தொகுப்பொன்றைத் தந்தார். அதன் பெயர் ‘சேவிங் கிரேஸ்’. மறையியல் பயின்ற நமக்கு ‘மீட்கும் அருள்’ என்று அது செவியில் விழுகிறது. ஆனால் ஆங்கில வழக்கில், குறைகளுக்கிடையே மிஞ்சிய ஒரு நிறையைச் சுட்டும் சாதாரணத் தொடரும் அதுவே. அளவுக்கு மீறி மகிழ வேண்டியதில்லை.

இதனை ‘எளிமைக்குத் திரும்புதல்’ என்று போற்றுவோர் பலர். நமக்கு அச்சொல்லில் ஒரு தயக்கம் உண்டு. எளிமை என்பது, மிகுதியாக உடையவர் விரும்பித் துறக்கும்போதே அறமாகிறது. துறப்பதற்கு ஒன்றும் இல்லாதவரிடம் அதற்குப் பெயர் வறுமை. எங்கள் பக்கத்துச் சிற்றூர்க் கோவில்களில் பாடகர் குழுவின் இளைஞர்கள் ஒரு கீபோர்டு வேண்டும் என்று கேட்கும்போது, ‘ஆர்மோனியமே போதும், எளிமையாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுவோர் இருக்கிறார்கள். அவ்வாறு கூறுவோரின் வீடுகளில் எளிமையைத் தேடிக் காண்பது அரிது. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானவர் என்று கிறிஸ்துவைப் பற்றிப் பவுலடியார் கூறும்போது, அங்கே துறந்தவரும் அவரே, ஏழையானவரும் அவரே. பிறர்மீது அவர் அதனைச் சுமத்தவில்லை.

பிளாண்டின் அத்தொகுப்பில், மனிதனின் ஆன்மா யாது என்று வினவும் பாடல் ஒன்று உண்டு. அதனை 1930இல் இசைத்தட்டில் பாடியவர் பிளைண்டு வில்லி ஜான்சன் என்னும் கறுப்பின மனிதர். பார்வையற்றவர், டெக்சஸ் மாநிலத்துத் தெருமுனைகளில் கிதாரோடு நின்று நற்செய்தி பாடியவர். 1927 முதல் 1930 வரை முப்பது பாடல்களைப் பதிவு செய்தார். 1945இல் வறுமையில் இறந்தார். அவருடைய பாடலொன்றின் பதிவு 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றப்பட்டு விண்வெளிக்குச் சென்றது. அவர் ஒற்றைக் கிதாரோடு பாடியது அழகியல் கொள்கையால் அன்று. அவரிடம் இருந்தது அவ்வளவே. இன்று நாம் எளிமை என்று வியக்கும் அவ்வொலி, வேறு வழியற்றவர்கள் விட்டுச்சென்ற சொத்து.

அச்சொத்தை லெட் செப்பலின் முன்னரே எடுத்தாண்டது. 1976இல் அக்குழு வெளியிட்ட பாடலொன்று ஜான்சன் 1927இல் பாடியதன் வழிவந்தது. ஆயினும் ஆக்கியோராக அச்சிடப்பட்டவை குழுவினர் இருவரின் பெயர்களே. அவ்விருவருள் ஒருவர் பிளாண்ட். இன்னொரு பாடலுக்காக, சிகாகோவின் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1962இல் மட்டி வாட்டர்ஸ் பாடிய தம் பாடலின் வரிகள், 1969இல் இக்குழு பாடிப் புகழ்பெற்ற பாடலில் தம் பெயரின்றி இடம்பெற்றன என்பது அவர் முறையீடு. 1987இல் நீதிமன்றத்திற்கு வெளியே இருதரப்பும் உடன்பாடு கண்டன. பின்னர் அப்பாடலின் ஆக்கியோர் வரிசையில் டிக்சன் பெயரும் சேர்ந்தது.

பாடகன் ஒருவன்மீது வழக்கு. சான்றாக ஒரு பழைய பத்திரம். இதனைத் திருவெண்ணெய்நல்லூரில் இருந்துகொண்டு சிந்திப்போர்க்கு வேறொரு வழக்கு நினைவுக்கு வராமல் இராது. சேக்கிழார் கூறும் வரலாறு இவ்வூர் மக்கள் அறிந்ததே. மணக்கோலத்தில் இருந்த சுந்தரர்முன் முதியவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ என்கிறார். இளைஞர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. இவ்வூர் அவை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து முதியவர் பக்கம் தீர்ப்பளிக்கிறது. அவர் அருட்டுறைக் கோவிலுள் சென்று மறைகிறார். அதன் பின்னரே சுந்தரர் வாயில் முதற்பாட்டு பிறக்கிறது; அதுவும், வழக்கில் அவர் வீசிய வசைச்சொல்லையே முதற்சொல்லாக்கிப் பாடும்படி பணிக்கப்பட்டு.

நாம் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லோம். எனினும் இக்கதையின் நீதி நம்மை நெடுநாள் பிடித்து வைத்திருக்கிறது. இங்கே பாட்டுக்கு முன்வருவது திறமையன்று, துறவுமன்று. நான் கடன்பட்டவன், எனக்கு முன்னே எழுதப்பட்ட ஓலை ஒன்று உண்டு என்னும் ஒப்புதலே முன்வருகிறது. பிளாண்டின் முதுமைப் பாடல்களை மதிப்பிட ‘எளிமை’ என்பதைவிட இது பொருத்தமான அளவுகோல் என்று எண்ணுகிறோம். குரல் தாழ்ந்ததா என்பதன்று, ஓலை படிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

நம் நாட்டில் எம்.எம். தண்டபாணி தேசிகரை நினைக்கலாம். ஓதுவார் குடும்பத்தில் 1908இல் பிறந்தவர். 1942இல் வெளிவந்த ஜெமினியின் ‘நந்தனார்’ அவரைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தது. பாரதிதாசன் பாடலொன்றுக்கு அவர் தேஷ் இராகத்தில் அமைத்த மெட்டு இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. அத்தகையவர் திரைப்படத்தை விட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றுத் தமிழிசை கற்பித்தார். அவர் சென்றது எளிமைக்கன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. கற்றுத் தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை மாணவர்களிடம் கொடுத்துச் சென்றார்.

அக்குவினா தோமையார் நன்றியறிதலை நீதியைச் சார்ந்த பண்பாக வகுத்தார். நீதிமன்றம் வாங்கித் தரும் கடன் வேறு, உள்ளம் உணரும் கடன் வேறு. பின்னது பெற்ற அளவோடு நிற்பதில்லை. பெற்றதைவிடச் சற்றேனும் மிகுதியாகத் தர விழைகிறது. டிக்சனுக்கு உரியது முதல்வகையில் ஓரளவு தீர்ந்தது. ஜான்சனுக்கு எவ்வகையில் தீர்ப்பது? அவர் இறந்து எண்பது ஆண்டுகள் கடந்து, செல்வந்தர் ஒருவர் அவர் பாடலைத் தாழ்ந்த குரலில் பாடுவது அக்கடனைத் தீர்த்துவிடுமா? தீர்க்காது என்றே சொல்வோம். பாடாமல் இருப்பதும் தீர்க்காது.

எங்கள் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், தவக்காலத்தில் பெண்கள் பாடும் ஒப்பாரிகளின் கீழே பெரும்பாலும் பெயர் இல்லை. கட்டியவர் எந்த ஊர்க் கூலிப்பெண்ணோ, எந்த உபதேசியாரோ. இளைஞர்களுக்குக் கீபோர்டு வாங்கித் தருவதென்று முடிவாயிற்று. அதோடு, ஒவ்வொரு மெட்டும் யார் வழியாக வந்தது என்று வயதான தாய்மாரிடம் கேட்டு எழுதிவரும் வேலையும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. இதுவரை சில பாடல்களுக்கே பெயர் கிடைத்திருக்கிறது.