ஈடு

அமுச்சி வீட்டுக் கிணற்றில் நான் நீச்சல் பழகவில்லை. அம்மா பழகியது அங்கேதான். மாமாவும் பழகினார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அந்தக் கிணற்றில் இறங்கினால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாலு ஏக்கர். ஒரு காலத்தில் மஞ்சளும் வாழையும் போட்ட பூமி. நான் பார்த்தபோது சோளத்தட்டும் குரும்பை உதிர்க்கும் பத்துத் தென்னைகளும்தான் மிச்சம்.

அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். அவருடைய நகக்கணுக்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இருவரும் காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை வரை, ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். அந்தச் சனிக்கிழமைகள்தான் என்னைப் படிக்க வைத்தன.

தீபாவளிக்கு போனஸ் பணத்தில் சேலை எடுத்துக்கொண்டு அமுச்சியைப் பார்க்கப் போவோம். அப்பா ஒரு கேன் நிறையத் திருப்பூர்த் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வருவார். அமுச்சி சிரித்துக்கொண்டே சொல்லும்: "மாப்பளை பட்டறைத் தண்ணிதான் எங் கெணத்துல கெடக்குது. நல்ல தண்ணிய மட்டும் கேன்ல கொண்டாறாரு." எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அங்கே அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என் குடும்பத்துக்குத் திருப்பூர் லாபமா நஷ்டமா? இந்தக் கணக்கைப் பல வருடங்களாகப் போட்டுப் பார்க்கிறேன். விடை வருகிறது. ஆனால் அந்த விடையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது ஏன் என்று யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் திருப்பூருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். 1970களின் கடைசியில்தான் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பனியன் போக ஆரம்பித்தது. இன்று ஆண்டு ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து பெரிய முதலாளி யாரும் வந்து கட்டிய ஊர் இல்லை இது. ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் 2004-ல் 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' என்று இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காட்டிலும் கம்பெனியிலும் கூலி வேலை செய்த கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே முதலாக்கி முதலாளிகளான கதை அது. அந்த ஏணியில் எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரிப் படி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், என் அம்மா தன் கையில் சம்பளம் வாங்கினார். அமுச்சி அறுபது வயது வரை யாரிடமும் சம்பளம் என்று ஒன்றை வாங்கியதில்லை. இந்த வித்தியாசம் சின்னதில்லை. 'வளர்ச்சி எல்லாம் வெறும் ஏமாத்து வேலை' என்று கவிதை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இன்னொரு பக்கம் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கிலோ கிலோவாகக் கொட்டுவார்கள். சாயம் துணியோடு போகும், உப்பு தண்ணீரோடு போகும். 90களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தை எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் ஆற்றில் போனது. நிறம் இருந்தாலாவது மாடு குடிக்க யோசித்திருக்கும்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயத் தண்ணீரின் தொட்டியாகிவிட்டது. அணை நிறைய வேண்டும் என்று சாமி கும்பிடுகிற விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே விவசாயிகளே 'தயவுசெய்து தண்ணீர் தேக்காதீர்கள்' என்று கேட்டார்கள்.

*

1939-ல் நிக்கோலஸ் கால்டோர், ஜான் ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். ஒரு மாற்றத்தால் சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். லாபம் அடைந்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும் என்றால், அந்த மாற்றம் முன்னேற்றம்தான். இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. ஈடு கொடுக்க முடிந்தால் போதும், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இந்த அளவுகோலில் என் குடும்பம் அமோகமாகத் தேறிவிடும். அப்பா அம்மா இருவரின் இருபது வருடச் சம்பளத்தையும், நாலு ஏக்கர் மஞ்சளில் அமுச்சிக்கு வந்திருக்கக்கூடிய பணத்தையும் தட்டில் வைத்தால் சம்பளத் தட்டுதான் கீழே இறங்கும். குடும்பம் என்று பார்த்தால் நாங்கள் ஜெயித்தவர்கள்.

அமர்த்தியா சென் இதற்கு வைக்கும் மறுப்பு எளிமையானது. ஈட்டை உண்மையிலேயே கொடுத்துவிட்டால் இந்த அளவுகோலே தேவையில்லை. கொடுக்கவில்லை என்றால், 'கொடுத்திருக்கலாம்' என்பதில் இழந்தவருக்கு என்ன ஆறுதல்?

இதைப் படித்தபோது எனக்குள் இருந்த வக்கீல் உடனே எழுந்தான். நாங்கள்தான் கொடுத்தோமே! அம்மா மாதாமாதம் அமுச்சிக்குப் பணம் அனுப்பினார். கண் ஆபரேஷன் செலவு அப்பாவுடையது. ஒருமுறை அமுச்சியிடம் இதைக் கேட்டேவிட்டேன், கொஞ்சம் திமிரோடுதான். அது வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது: "எம் மக குடுக்கறா கண்ணு. அது பாசம். எங் கெணத்தக் கெடுத்தவன் குடுத்தானா?"

அன்றைக்கு எனக்கு அது வெறும் வீம்பாகத்தான் பட்டது. இப்போது அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இழந்த பணம் திரும்பி வருவது மட்டும் ஈடு ஆகாது. 'நான் எடுத்துக்கொண்டேன், உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்' என்று எடுத்தவன் ஒப்புக்கொள்வதும் அதில் ஒரு பகுதி. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்று சொன்னதன் கனம் இதில்தான் இருக்கிறது. மகளின் மணியார்டரால் அதைச் செய்ய முடியாது.

குடும்பம் என்கிற ஒற்றைக் கணக்குப் புத்தகத்தில் அமுச்சியின் நஷ்டம் காணாமல் போகிறது. மாவட்டம், மாநிலம், நாடு என்று புத்தகம் பெரிதாகப் பெரிதாக அது இன்னும் சுலபமாகக் காணாமல் போகும். என்னால் ஏற்க முடியாதது கூட்டல் கழித்தலை இல்லை, ஒரே புத்தகம் என்பதை.

*

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடாத பட்டறைதான் இனி இயங்கலாம். நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. நான் அப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு. அப்பா காலையில் குளித்து, சட்டை மாட்டி, எங்கே போவதென்று தெரியாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் நகங்களில் நிறம் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். வழக்குப் போட்ட விவசாயிகள் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அமுச்சி மேலும்தான்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறை வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஏற்றுமதி படுத்துவிடவில்லை, ஏறியது. 'இப்படியெல்லாம் செய்தால் தொழிலே அழிஞ்சிரும்' என்று வருடக்கணக்காகச் சொன்னார்களே, அது நடக்கவில்லை. அப்படியென்றால் அமுச்சியின் கிணறு வளர்ச்சிக்குக் கொடுத்தே தீர வேண்டிய விலை இல்லை. யாரோ கட்டியிருக்க வேண்டிய பில்லை அது கட்டியிருக்கிறது.

இங்கேயே முடித்துவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்பா வேலை செய்த பட்டறை திறக்கவே இல்லை. அந்தச் செலவைத் தாங்க முடியாத சின்னப் பட்டறை அது. அப்பா ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார், பாதிச் சம்பளத்துக்கு. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல விலையும் ஆள் பார்த்துத்தான் இறங்குகிறது. அநியாயம் நடந்தபோது அமுச்சி கட்டியது, அதைச் சரி செய்தபோது அப்பா கட்டினார்.

2007-ல் தொடங்கிய பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம் 'உள்ளடக்கிய வளர்ச்சி'யைத் தன் நோக்கமாகச் சொன்னது. எங்களை யாரும் வெளியே விட்டுவிடவில்லை. அப்பாவின் கை உள்ளே இருந்தது, அம்மாவின் முதுகுவலி உள்ளே இருந்தது, அமுச்சியின் கிணறும் உள்ளேதான் இருந்தது. சரக்காக உள்ளே இருந்தோம். பில் எழுதும் மேஜையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. இன்று லைன் வீட்டில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பையன்களுக்கும் இல்லை. உள்ளடக்குவது என்றால் எனக்கு இப்போது ஒரே பொருள்தான்: நஷ்டம் யார் தலையில் விழப்போகிறதோ, அவர் முன்கூட்டியே 'முடியாது' என்று சொல்ல முடிய வேண்டும். அந்த 'முடியாது' எண்ணிக்கையில் சேர வேண்டும்.

*

நான் இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று வரிசையாக விலை போடுவது என் வேலை. சாயத்துக்கான விலையில் இப்போது சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அமுச்சி ஞாபகம் வரும். அது போய் ஆறு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு ஆர்டருக்கு பையர் விலையைக் குறைக்கச் சொன்னான். 'வெளியூர்ல கம்மியா சாயம் போட்டுத் தர்றாங்க, பில்லு கில்லுன்னு ஒண்ணும் கேக்காதீங்க' என்று ஒருவர் வந்தார். நான் முடியாது என்றேன். சாய வரியைத் தொடவே இல்லை. அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஆர்டரை விட முடியாது. எங்காவது குறைத்தாக வேண்டும். தையல் கூலியில் பீஸுக்கு ஐம்பது பைசா குறைத்துப் போட்டேன். பவர் டேபிள்காரர் போனில் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். அவரிடம் ஓவர்லாக் ஓட்டுகிற பெண்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு வீட்டுக்குப் போனபோது அம்மா முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு என்ன கண்ணு, லேட்டு?" என்றார். நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை.