கலால் வரியும் கர்மயோகமும்

கொல்கத்தாவுக்குத் தென்மேற்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பஜ்பஜ் என்ற ஊரை பக்தர்கள் நன்கு அறிவார்கள். மேலைநாடுகளில் வேதாந்த முழக்கம் செய்து திரும்பிய சுவாமி விவேகானந்தர், சென்னையிலிருந்து கப்பலில் சென்று இறங்கிய துறை அது. 1897 பிப்ரவரி 19-ஆம் நாள் காலையில் அங்கிருந்துதான் அவர் சிறப்பு ரயிலில் ஸியால்டா சென்றார். இன்று அவ்வூருக்குச் செல்பவரின் கண்ணில் முதலில் படுபவை பெட்ரோலியக் கிடங்குகளின் உருண்டைத் தொட்டிகள். அங்கிருந்து நதியை ஒட்டி நகரை நோக்கி வந்தால் கிதிர்ப்பூர் துறைமுகப் பகுதி. 1910-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, பின்னாளில் நாட்டிலேயே பெரியதாக வளர்ந்த சிகரெட் நிறுவனத்தின் ஆலை அங்கே அமைந்தது.

எண்ணெயும் புகையிலையும் அரசாங்கக் கருவூலத்திற்கு நெடுநாளைய உறவினர். மோட்டார் வாகன எரிபொருளின்மீது கலால் வரி விதிக்கப்பட்டது 1917-இல். மண்ணெண்ணெய் மீது 1922-இல். புகையிலை மீது 1943-இல். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது ஏறத்தாழ எல்லாப் பொருள்களும் கலால் வரியிலிருந்து விடுபட்டன. பெட்ரோல், டீசல், புகையிலை முதலிய சில மட்டும் விடுபடவில்லை. புகையிலை இரண்டு வரிகளையுமே சுமந்தது. ஆகவே கலால் ஆய்வாளர் என்ற பழைய பதவியும் மறையவில்லை.

அவரது வேலை என்ன? மற்றப் பொருள்களுக்கு உற்பத்தியாளரே வரியைக் கணக்கிட்டுச் செலுத்தலாம் என்ற முறை 1960-களின் இறுதியிலிருந்து படிப்படியாகப் பரவியது. சிகரெட்டுக்கு மட்டும் 2002-ஆம் ஆண்டு விதிகள் ஒரு விலக்கை வைத்தன: சரக்கு ஆலையை விட்டு வெளியேறும் முன் ஆய்வாளரோ கண்காணிப்பாளரோ வரியை நிர்ணயிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளும் அதையே தொடர்ந்தன. சிகரெட்டின் கலால் வரி ஆயிரம் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று அதன் நீளத்தைப் பொறுத்து அமைகிறது. 65 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒரு விகிதம், 70-ஐத் தாண்டினால் வேறொரு விகிதம். ஒரு நகக்கண்ணின் அளவுகூட இல்லாத வேறுபாடு, இலட்சக்கணக்கில் எண்ணும்போது பெருந்தொகையாகிறது. எண்ணெயிலோ வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். வெயிலில் எண்ணெய் விரியும், குளிரில் சுருங்கும். எனவே தொட்டியில் அளவுகோலை இறக்கி உயரத்தையும், அடர்த்தியையும் வெப்பத்தையும் குறித்து, 15 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவார்கள். வரி செலுத்தப்படாத எண்ணெய் கிடங்குகளுக்கு வந்து சேரும் வசதி இருந்த 2004 வரை, கலால் ஆய்வாளருக்கு இத்தொட்டிகளோடும் நெருங்கிய தொடர்பு இருந்தது.

இத்தகைய பணியில் இருக்கும் சாதகர் ஒருவரின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ‘நான் லஞ்சம் வாங்குவதில்லை. கணக்கில் பிழை விடுவதில்லை. ஆனால் நான் அளப்பது நஞ்சு. நம் நாட்டில் புகையிலையால் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். என் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்த லாரி நகர்கிறது. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டா, இல்லையா?’

உடனே நினைவுக்கு வருவது தர்மவியாதரின் கதை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் உள்ள இக்கதையைச் சுவாமிஜி தமது கர்மயோகச் சொற்பொழிவில் எடுத்துச் சொல்கிறார். மிதிலையில் இறைச்சி விற்ற ஒருவர், தவத்தால் செருக்குற்ற இளைஞனுக்கு ஞானத்தைப் போதித்தார். எந்தக் கடமையும் இழிவானதல்ல, பற்றின்றிச் செய்தால் அதுவே உயர்த்தும் என்பது அவரது உபதேசத்தின் சாரம். அன்பர்கள் பலரும் இந்த இடத்தோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆனால் அப்படி நிறைவடைவது அவசரமாகும். வியாதரின் விடை செய்பவனின் மனத்தைப் பற்றியது. பொருளை வாங்கிச் செல்பவனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு அது விடையாகாது. ‘பற்றின்றிச் செய்கிறேன்’ என்ற சொல்லால் எதையும் நியாயப்படுத்தலாம் என்றால், அந்தச் சொல்லே கெட்டுப்போகும்.

சாஸ்திரங்கள் இவ்விஷயத்தில் மிகக் கறாரானவை. பதஞ்சலி முனிவர் இம்சையைப் பற்றிப் பேசும்போது, செய்பவனை மட்டுமல்ல, செய்விப்பவனையும் அதற்கு இசைபவனையும் சேர்த்தே பேசுகிறார். மனுஸ்மிருதி ஒரு விலங்கின் கொலையில் எட்டுப் பேரைக் குற்றவாளிகளாக நிறுத்துகிறது. இசைவு தருபவன், அறுப்பவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் ஆகியோர் அந்த எட்டுப் பேர். வாங்குபவர் இல்லையேல் விற்பவர் ஏது என்ற நோக்கில் வள்ளுவரும் புலால் மறுத்தலில் வாதிடுகிறார். மனுவின் பட்டியலில் வரி வாங்குபவன் இல்லை. இதைக் கண்டு ஆய்வாளர் ஆறுதல் அடையலாமா?

அடைய முடியாது. ஏனெனில் அதே நூல் மற்றோர் இடத்தில் அரசனைப் பற்றி வேறொரு கணக்குச் சொல்கிறது. குடிகளைக் காக்கும் அரசனுக்கு அவர்களது புண்ணியத்தில் ஆறில் ஒரு பங்கு சேரும். காக்கத் தவறினால் பாவத்தில் ஆறில் ஒரு பங்கு சேரும். விளைச்சலில் அரசன் பெறும் பங்கும் மரபில் ஆறில் ஒன்றுதான். அதாவது, தானியத்தோடு அதை விளைவித்தவனின் வினையும் அரண்மனைக்கு வந்துவிடுகிறது! வரி என்பது வெறும் காசு அன்று என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் கருத்து வேறு உண்டா என்பது ஐயமே. பங்கு வாங்குபவன் பங்காளி. அவன் வாங்குவது புண்ணியமா பாவமா என்பது, அவன் காக்கிறானா என்ற ஒரே கேள்வியைப் பொறுத்தது.

இந்த உரைகல்லில் புகையிலை வரியைத் தேய்த்துப் பார்க்கலாம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. விலையும் வரியும் உயர்ந்தால் புகைப்பவர் தொகை குறையும், அதிலும் இளைஞர் பழகாமல் தப்புவர் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. எனவே இந்த வரியின் தர்மம் கருவூலத்தை நிரப்புவதில் இல்லை. தடையாக நிற்பதில் இருக்கிறது. இங்கேதான் ஆய்வாளரின் அந்த மில்லிமீட்டர் தன் முழு எடையைப் பெறுகிறது. 70 மில்லிமீட்டரை 65 என்று எழுதும் கை அரசாங்கப் பணத்தை மட்டும் திருடவில்லை. நஞ்சின் விலையைக் குறைக்கிறது. வரி கட்டாமல் தப்பிய ஒரு பெட்டி எங்கே போய்ச் சேரும்? பள்ளிக்கூடத்தின் எதிரே உள்ள பெட்டிக்கடைக்கு, ஒரு மாணவனின் கைக்காசுக்கு எட்டும் விலையில். நேர்மையான அளவு அவனுக்கு ஒரு வேலி. தான் யாரைக் காத்தோம் என்பதை அந்த ஆய்வாளர் ஒருபோதும் அறியப் போவதில்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. இந்த வரி தன் நோக்கத்தில் முழு வெற்றி பெற்றால் வருமானம் பூஜ்யமாகும். வருமானம் பெருகினால் நோக்கம் தோற்றதாகும். அப்படியானால் ஆய்வாளர் எதை விரும்புவது? இந்த ஆண்டு வசூல் கூட வேண்டும் என்று விரும்பினால், அதிகம் பேர் புகைக்க வேண்டும் என்று விரும்பியதாகிறது. குறைய வேண்டும் என்று விரும்பினால், இலக்கை எட்டாத அதிகாரி என்ற பெயர் வருகிறது. கீதை கூறும் பலன் துறவு மற்றவர்களுக்குக் கடினமான ஒரு சாதனை. இவருக்கோ அறிவோடு வாழ வேறு வழியே இல்லை. அளவு சரியாக இருக்கிறதா என்பது ஒன்றே அவர் விரும்பத்தக்கது. இந்தியாவில் பதப்படுத்தாத புகையிலையின் மீதான கலால் வரி 1979-இல் நீக்கப்பட்டது. அதுவரை வயலிலும் உலர்த்தும் கொட்டகையிலும் இலையை எடைபோட்டு எழுதி வந்த ஊழியர்களின் பேரேடுகள் ஒரே பட்ஜெட்டில் மூடப்பட்டன. எழுதும்போது எவ்வளவு கவனமோ, மூடும்போதும் அவ்வளவு சமநிலை வேண்டும்.

அரசாங்கம் இந்தப் பரீட்சையில் தேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரு கை சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் அச்சிடச் சொல்கிறது. மற்றொரு கை, பொதுத்துறை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் வாயிலாக, அதே சிகரெட் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்து ஈவுத்தொகை பெறுகிறது. உயிருக்குக் காப்பீடு தரும் நிறுவனம் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இதை ஓர் ஆய்வாளரால் திருத்த முடியாது. ஆனால், ‘மேலிடம் செய்வது அது, ஆகவே கீழே நான் எப்படி நடந்தாலென்ன’ என்று அவர் முடிவு செய்தால், அந்த ஆறில் ஒரு பங்கு அவர் வீட்டுக்கும் வரும்.

புகையிலையைப் பற்றிப் பேசும்போது, குருதேவர் ஹூக்கா புகைத்தாரே, சுவாமிஜியும் புகைத்தாரே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், ஒளிக்க வேண்டியதில்லை. புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர்கள் நிலைநாட்டத் தொடங்கியதே 1950-இல்தான். அறியாத காலத்தின் வழக்கம் அறிந்த காலத்திற்குச் சான்றாகாது.

எண்ணெய் விஷயம் வேறு வகையானது. புகையிலையை விட்டுவிடலாம்; எண்ணெயை விட முடியாது. காய்கறி லாரியின் டீசலில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் ஏழையின் உலையில் போய் இறங்குகிறது. இங்கே வரி உயர்வதே காவல் என்று எவரும் வாதிட முடியாது. ஏழையின் விளக்குக்கென்று மண்ணெண்ணெயை மலிவாக வைத்தால், அந்த மலிவே ஒரு பொறியாகிறது. கொல்கத்தாவில் ‘காட்டா தேல்’ என்ற பெயரில் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் பல்லாண்டுகள் ஆட்டோக்கள் ஓடின. 2008-இல் உயர் நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்டு, அடுத்த ஆண்டில் ஆட்டோக்கள் எரிவாயுவுக்கு மாறும் வரை, ஒரு குடிசையில் எரிய வேண்டிய விளக்கின் எண்ணெய் நகரத்தின் மூச்சில் புகையாகக் கலந்தது. வரி விகிதங்களின் இடைவெளியில்தான் அதர்மம் கடை விரிக்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவரும் ஓர் ஆய்வாளரே.

அவரை யார் கண்காணிப்பது? கருவூலப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று கௌடில்யர் எண்ணிக் காட்டுகிறார். நீருக்குள் திரியும் மீன் நீரைக் குடிக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது என்பது அவரது புகழ்பெற்ற ஐயம். அதற்கு அவர் கண்ட மருந்து ஒற்றர்களும் தண்டனையும். காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளின்மேல் புலி இலச்சினை பொறித்த சோழர் அதிகாரிகளைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அங்கும் காவல் உண்டு. வெளிக்காவல் வேண்டியதே. ஆனால் மீன் குடித்ததை மீன் அறியும். அந்த அறிவுக்கு விடுமுறையும் இல்லை, இடமாற்றமும் இல்லை. கலியுகத்தில் சத்தியமே தவம் என்றும், அலுவலகத்திலும் வியாபாரத்திலும் இருப்பவர்கள் சத்தியத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் குருதேவர் வற்புறுத்தியது இதனால்தான். அவர்களை வேலையை விட்டு வரச் சொல்லவில்லை.

குருதேவரின் பக்தர்களுள்ளேயே இதற்கு மிக நெருங்கிய சான்று ஒருவர் உண்டு. அவர் அதர்லால் சேன். பேனியாடோலாவில் வசித்த அவர் கல்கத்தாவில் டெபுடி மாஜிஸ்டிரேட், முந்நூறு ரூபாய் சம்பளம், கவிஞர். 1884 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் வீட்டில்தான் பங்கிம் சந்திரர் குருதேவரைச் சந்தித்தார். அவரும் அதே பதவியில் இருந்தவர். நகராட்சியில் ஆயிரம் ரூபாய் சம்பளமுள்ள பதவிக்கு அதர் முயன்றபோது குருதேவர் அதை ரசிக்கவில்லை. ஆனால் இருக்கும் பதவியை விடும்படியும் கூறவில்லை. அது இறைவனருளால் கிடைத்தது, அவனை மறக்கலாகாது என்றார். 1885 ஜனவரியில் மாணிக்தலாவிலிருந்த அரசாங்கச் சாராய வடிசாலையைப் பார்வையிடும் வேலை அதருக்கு வந்தது. குதிரையில் போய்த் திரும்பும்போது சோபாபஜார் வீதியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அது இசிவு நோயாக மாற, ஜனவரி 14-ஆம் நாள் உயிர் பிரிந்தது. முப்பது வயதுகூட நிறையவில்லை.

சாராயத்தின் கணக்கைப் பார்க்கப் போன வழியில் இறந்தவரைப் பற்றி, அந்தத் தொழிலின் மாசு அவர்மேல் படிந்ததாகக் குருதேவர் கூறியதில்லை. அதர் வாழ்ந்த நாட்களில், அலுவலகம் முடிந்ததும் பெரும்பாலும் தட்சிணேசுவரத்திற்கு வந்துவிடுவார். அன்னை பவதாரிணியை வணங்கிவிட்டுக் குருதேவரின் அறைக்கு வருவார். உடல் களைத்திருக்கும். அங்கே விரித்த பாயில் படுத்து அப்படியே உறங்கிப்போவார். இவ்வளவு தூரம் வந்தும் உறங்குகிறாரே என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இது அன்னையின் இடம், வீண்பேச்சு பேசாமல் உறங்குகிறார், சற்று அமைதி பெறட்டும் என்று குருதேவர் அவர்களைத் தடுத்துவிட்டார்.