விருந்தும் பதிவேடும்

தில்லைக்கும் பிச்சாவரத்திற்கும் வருவோர்க்கு மாடியறைகளை வாடகைக்கு விட எண்ணிய கீரப்பாளையத்து அன்பர் ஒருவர், "சாமி, விருந்தோம்ப அரசுப் பதிவு எதற்கு?" என்று வினவினார்.

வாடகை வாங்கினால் அது வணிகமும் ஆகிறதன்றோ! மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஆறு அறைகளுக்கு மேல் ஏற்பதில்லை; உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசித்தால்தான் ‘ஹோம்ஸ்டே’ என்னும் பெயர். இவ்விரண்டாம் விதியையே நான் பெரிதும் மதிக்கிறேன்: தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வீட்டில் ஆள் உண்டு. பார்சிலோனாவில் சுற்றுலாக் குடியிருப்புகள் பெருகி, ஊராருக்கு வீட்டு வாடகை எட்டாமற் போயிற்று. அத்தகைய 10,101 உரிமங்கள் 2028க்குப்பின் நீடிக்கா என 2024இல் அதன் மேயர் அறிவித்தார். பதிவேடு இருந்ததால்தான் எண்ணவாவது முடிந்தது. விருந்தினரைவிட அண்டை வீட்டாருக்கே பதிவு காவல் என்பேன்.

"பக்கத்து வீட்டாரைக் கேட்டீர்களா?" என்றேன். அன்பர் இன்னும் கேட்கவில்லையாம்.