தஸ்பீஹின் விலை

சீனாவின் ஷியான் நகரப் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லும் ஒடுங்கிய சந்தின் இருமருங்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கான கடைகள். சுடுமண் படைவீரர் பொம்மைகளும் பட்டுச் சால்வைகளும் குவிந்து கிடக்கும். வியாபாரிகளிற் பலர் ஹுய் முஸ்லிம்கள். மொழி தெரியாதவர்களுக்கிடையே கல்குலேட்டர்தான் பேசும்.

மரத் தஸ்பீஹ் ஒன்றுக்குத் தொப்பியணிந்த முதியவர் 200 யுவான் என்று அழுத்திக் காட்டினார். நான் 40 என்று அழுத்தினேன். மறுத்தார். நடையைக் கட்டினேன், கூப்பிட்டார். 50க்கு முடிந்தது. வென்றுவிட்ட பூரிப்போடு பள்ளிக்குள் போனேன். தொழுதுவிட்டு அதே தஸ்பீஹோடு திக்ரு செய்ய அமர்ந்தேன். மனம் விலையையே எண்ணியது.

பேரம் பேசுவது ஆகுமானதே. ஆனால் அவருடைய 200 என் அறியாமையைச் சோதித்ததென்றால், என்னுடைய 40 அவருடைய தேவையைச் சோதித்தது. பொருளின் பெறுமதியை இருவருமே பேசவில்லை. நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்போரை ஸூறத்துல் முதஃப்பிபீன் கண்டிக்கிறது. அது வியாபாரிகளுக்கான எச்சரிக்கையென்றே இத்தனை காலமும் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். வாங்குபவன் கையிலும் ஒரு தராசு உண்டு.

வியாபாரத்துக்கு அல்குர்ஆன் வைக்கும் நிபந்தனை இருசாராரின் பொருத்தம். முதியவர் சம்மதித்தார், பொருந்திக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை.

மிங் ஆட்சியில் எழுந்த அப்பள்ளியில் மினாராவாக நிற்கும் கோபுரத்தின் சீனப் பெயருக்கு, உள்ளத்தை ஆராய்தல் என்று பொருள். அதைக் கடந்து வெளியே வந்தேன். முதியவர் வேறொருவருக்கு 200 என்று அழுத்திக்கொண்டிருந்தார்.

அது அவருடைய கணக்கு. என்னுடையதை நான்தான் பார்க்க வேண்டும்.