அனுமதி கொடுத்தவரின் பொறுப்பு

திரிங்காப்பில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் தானா ராத்தாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கேமரன் மலையின் அரசு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. வழியில் கியா ஃபார்ம் சந்தை, அதைத் தாண்டினால் பிரிஞ்சாங். சாதாரண நாளில் சிறிய தூரம்தான். பள்ளி விடுமுறையில் ஸ்ட்ராபெரி வாங்க ஓரங்கட்டிய கார்களுக்குப் பின்னால் காய்கறி லோரியும் நிற்கும், தோட்டத்துப் பிள்ளையை ஏற்றிய மோட்டார்சைக்கிளும் நிற்கும், ஆம்புலன்ஸும் நிற்கும்.

2010 டிசம்பர் 20 அன்று கேமரன் மலைக்கான சிம்பாங் பூலாய் சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே பதறியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். அப்படியொரு விபத்துக்கு விசாரணை உண்டு, அறிக்கை உண்டு. நெரிசலில் தாமதமாகிப் போன உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது? அது நோயால் வந்த சாவு என்றே பதிவாகும்.

இந்த நெரிசலில் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் பங்கு என்ன? சாலை கூட்டரசினுடையது, பராமரிப்பது பொதுப்பணித் துறை, போக்குவரத்தைப் பார்ப்பது போலீஸ் என்று அது சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் சந்தைக் கடைக்கு உரிமம் தருவதும், மலைச்சரிவில் ஹோட்டல் கட்டட வரைபடத்தை ஏற்பதும் மன்றம்தான். அறை கட்ட அனுமதித்தவர், அந்த அறைக்கு வரும் காரையும் சேர்த்தே அனுமதித்திருக்கிறார். வரியை மட்டும் வாங்கிக்கொண்டு நெரிசலை அடுத்த துறையின் தலையில் கட்டுவது நேர்மையாகாது.

சாலையை அகலப்படுத்தச் சொல்வது சுலபம். மழை விழுந்தாலே மண் சரியும் மலை இது. வெட்ட வெட்ட ஆபத்து கூடும். வருகிற வண்டிகளுக்கு வரம்பு வைப்பதே மிச்சமுள்ள வழி. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரயிறுதியில் 8,000 என்று அளவு வைத்தார்கள்; உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள்.

இங்கும் அப்படியொரு எதிர்ப்பு எழலாம்; அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. கியா ஃபார்மில் சோளம் விற்பவரும், ஹோட்டலில் படுக்கை விரிக்கும் பெண்ணும் இந்த மலைக்காரர்கள்தான். விடுமுறை நெருக்கடிதான் அவர்களுக்கு நாலு காசு. ஆனாலும் இரண்டு நட்டமும் ஒன்றல்ல. குறைந்த வியாபாரத்தை இன்னொரு நாளில் ஈடுகட்டலாம், கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திப் பேருந்தில் ஆட்களைக் கொண்டுவந்தால் வியாபாரம் குறையாமலே போகலாம். நோயாளி இழந்த அரை மணி நேரம் திரும்பி வராது. அதோடு, சுற்றுலாப் பணத்தில் ஒரு காசும் பார்க்காத தேயிலைத் தோட்டக் குடும்பங்களும் அதே வரிசையில்தான் காத்திருக்கின்றன.

கடைக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் சங்கம் உண்டு. திரிங்காப்வாசிக்கு மன்றத்தில் வாக்குக்கூட இல்லை. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குக் கேட்டு வராதவர்கள், கேட்டு வருபவர்களைவிடக் கூடுதலாகக் காது கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் தடையின்றிப் போக வழி செய்யும்வரை, இந்தச் சாலையோரத்தில் இன்னொரு ஹோட்டலுக்கு மாவட்ட மன்றம் அனுமதி தரக் கூடாது.