மிஞ்சிய தீந்தையும் ஈகையும்

வீட்டைப் புதுக்கிய அன்பர் ஒருவர், பூசி மிஞ்சிய தீந்தைப் பேணிகள் ஏழினை எமது பாடசாலைக்குக் கொண்டுவந்து இறக்கினார். வகுப்பறை வாங்குகளுக்குப் பூசலாம் என்பது அவர் கருத்து. அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், அவற்றுள் இரண்டு பேணிகள் அவருடைய தந்தையார் காலத்தவை. துருவேறிப் பெயர்ச்சீட்டு உரிந்தவை. “இவற்றை உங்கள் பிள்ளையின் கட்டிலுக்குப் பூசுவீர்களா, ஐயா?” என்று வினவினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

தமக்கு வேண்டாததைப் பிறர்க்கு அளிப்பது ஈகையாகுமா? அன்றி, கழிவை அகற்றும் வழிகளுள் அதுவும் ஒன்றா? இவ்வினா அற்பமானதன்று. ஐக்கிய அமெரிக்காவில் கட்டடங்களுக்கென விற்பனையாகும் தீந்தையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு பூசப்படாமலே மிஞ்சுகின்றது என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

பழைய பேணியைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் ஈயம். ஈயம் கலந்த தீந்தை காய்ந்து உதிரும்போது, அத்தூள் குழந்தைகளின் கைவழி வாய்க்குச் சென்று, வளரும் மூளையைத் தாக்குகின்றது. கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1921இலேயே நிறைவேற்றியது. பூச்சுத் தொழிலாளரைக் காப்பதே அதன் நோக்கம். எனினும், அமெரிக்க வீடுகளில் ஈயத் தீந்தை தடைசெய்யப்பட்டது 1978இல். எமது நாட்டில் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அறிவுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் இலாபம் ஒருசாராரைச் சேர்ந்தது; நஞ்சு பிறிதொரு சாராரைச் சேர்ந்தது.

“இல்லாதவனுக்கு இதுவாவது கிடைக்கட்டுமே” என்பர் சிலர். வறுமை ஒருவனுடைய தேவையை மிகுவிக்கலாம். தான் பெறும் பொருள் யாதென அறியும் உரிமையை அது குறைப்பதில்லை. அறிந்து ஏற்கவும், வேண்டாமென மறுக்கவும் இயலாதவனிடம் சேர்ப்பிக்கும் பொருள் கொடையன்று. எமது சுமையை அவன் தோளுக்கு மாற்றுவதே அது.

அவ்வாறாயின் கொட்டிவிடலாமா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணாம்புக் கல். கோடிக்குள் ஊற்றியது அதன் வெடிப்புகளினூடே கிணற்றை நாடும். என் வளவு என்று வேலி அடைக்கலாம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை.

தனிமனிதன் எண்ணாது கொடுக்கவும் ஆகாது, கொட்டவும் ஆகாது என்னும் நிலையில், சமுதாய ஏற்பாடு ஒன்றே வழியாகின்றது. பிரித்தானியாவில் ‘கொமியூனிற்றி றீபெயின்ற்’ என்னும் அமைப்பு, மிஞ்சிய தீந்தையைச் சேகரித்து, தரம் பிரித்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கும் பொது அமைப்புகளுக்கும் குறைந்த விலையில் வழங்குகின்றது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 2009இல் இயற்றிய சட்டம், இப்பொறுப்பை உற்பத்தியாளர்மீதே சுமத்தியது. 2010 முதல் அங்குள்ள மக்கள், தீந்தை விற்கும் கடைகள் பலவற்றிலேயே பேணிகளை ஒப்படைக்கின்றனர். நீர்த் தீந்தை இயன்றவரை கலந்து வடித்துப் புதுத் தீந்தையாக்கப்படுகின்றது. எண்ணெய்த் தீந்தை பெரும்பாலும் எரிபொருளாகின்றது.

இதிலும் குறையுண்டு. செலவானது பேணியின் விலையோடு கட்டணமாகச் சேர்ந்து, வாங்குவோர் தலையிலேயே விழுகின்றது. இலாபத்தைத் தொடாத பொறுப்பு அரைப்பொறுப்பே. ஆயினும், விற்றதோடு கடன் தீர்ந்தது என்னும் வாணிப நியாயத்தை அச்சட்டம் ஏற்கவில்லை. ஒரு பொருளை ஆக்கி இலாபம் பெற்றவனும், வாங்கிப் பயன்கொண்டவனும் அப்பொருளின் முடிவுக்கும் கடமைப்பட்டவர்கள். உடைமை என்பது அனுபவிக்கும் உரிமை மட்டுமன்று.

அன்பரும் நானும் ஏனைய ஐந்து பேணிகளைத் திறந்து பார்த்தோம். அண்மையில் வாங்கியவை, பெயரும் திகதியும் தெளிவாயிருந்தன. விடுமுறையில் வாங்குகளுக்குப் பூசினோம். அவர் தாமும் தூரிகை பிடித்தார். பழைய இரண்டையும் ஏற்பார் எவரும் கிடைத்திலர். மூடியை இறுக்கி, ‘ஈயம் இருக்கலாம்’ என்று மேலே எழுதி, தம் வீட்டுக்கே அவர் எடுத்துச்சென்றார். அவற்றை ஒப்படைக்க ஓரிடம் அமையும்வரை அவை அங்கேயே இருக்கும். அவ்விடத்தை அமைக்குமாறு பிரதேச சபையையும் உற்பத்தியாளரையும் கேட்பது இனி எம் இருவரின் வேலை; வாசகரே, அது உங்களுடைய வேலையுமாகும்.